விளக்கமறியலில் நின்றுபோன நீல மிதவை

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு என் போன் அதிர்ந்தது. தரம் பத்துக்கு இரண்டாம் பாடவேளை. வகுப்பில் போன் எடுப்பதில்லை என்பது நானே எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். அது நிற்காமல் அதிர்ந்துகொண்டே இருந்ததால் எடுத்தேன். என் கணவர். தில்லையடியில் கருவாட்டுக் கடை வைத்திருப்பவர், சாதாரணக் கதையையே உரத்துக் கதைப்பவர். அன்று அவர் கதைத்தது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அஸ்லத்த பொலிஸ் கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். லொட்ஜில தங்கியிருந்த வெள்ளக்காரர்ட கமரா காணாம போயிரிக்கி. அறைப் பூட்டுட திறப்பு கடைசியா நம்மட மகன்ட கையிலதான் இருந்திச்சாம்."

எங்கள் ஒரே மகன் அஸ்லம் அப்போது கண்டக்குழியில் ஒரு லொட்ஜில் வேலை செய்துகொண்டிருந்தான். பட்டத்தைப் பிடித்துக் கடலில் சறுக்கி விளையாட வரும் வெளிநாட்டவர்களுக்கு அறை ஒழுங்கு செய்வதும் சாமான் தூக்குவதும் அவன் வேலை.

ஆங்கிலம் கற்பிக்கப் புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தில் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். இந்த வருடம்தான் நான் ஓய்வு பெற்றேன். பாடத்திட்டம், பாடக்குறிப்பு, பரீட்சை எல்லாம் உங்களுக்குத் தெரியும். அவற்றைப் பற்றி எழுதப்போவதில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து அடுத்த கிழமை வெள்ளி வரைக்கும் என் வகுப்பில் நடந்ததைத்தான் எழுதுகிறேன். நடந்து முடிந்த விடயம்தான். ஆனாலும் இன்றும் காலை நேரத்தில் போன் அடித்தால் மகன் எங்கே என்றுதான் முதலில் பார்க்கிறேன். எழுத்து அங்கங்கே தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பள்ளிவாசல்துறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடநூலில் வரும் சுப்பர் மார்க்கெட் உரையாடலும் மிருகக்காட்சிச்சாலைச் சுற்றுலாவும் ஒட்டவே இல்லை. கொட்டாவி விடுவார்கள். ஒருநாள் ஆங்கிலப் பத்திரிகையில் வந்த சின்ன வழக்குச் செய்தி ஒன்றை வாசித்துக் காட்டினேன். தடைசெய்யப்பட்ட வலையோடு பிடிபட்ட ஒரு படகைப் பற்றிய செய்தி. வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. "எந்தக் கோர்ட், டீச்சர்? வலையத் திருப்பிக் குடுத்தாங்களா?" எங்கள் கரையில் வலையாலோ படகாலோ காணியாலோ நீதிமன்ற வாசலை மிதிக்காத குடும்பம் குறைவு. ஆங்கிலத்தில் அவர்களுக்குத் தெரியவேண்டிய உலகம் அங்கே இருந்தது.

அப்படித்தான் வகுப்பின் குறுக்கே ஒரு நைலோன் கயிறு கட்டினோம். வழக்கு நடக்கும் ஒழுங்கில் ஆங்கிலச் சொற்களை மட்டையில் எழுதி அதில் தொங்கவிட்டோம். கம்ப்ளெய்ன்ட், அரெஸ்ட், சஸ்பெக்ட், ரிமாண்ட், பெய்ல், சார்ஜ், ட்ரயல், எவிடன்ஸ் என்று போய், கடைசியில் விடுதலை என்னும் அக்விட் ஒரு பக்கமும் குற்றவாளி என்னும் கன்விக்ட் மறுபக்கமும். ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு நிறத்தில் வலை மிதவை. பிள்ளைகள் முறைவைத்து ஒவ்வொருவராகச் செய்தி கொண்டுவர வேண்டும். வழக்கு எந்தச் சொல்லுக்கு வந்திருக்கிறதோ அந்தச் சொல்லுக்கு மிதவையைத் தள்ள வேண்டும். சட்டம் ஒன்றே ஒன்றுதான்: பத்திரிகை சொல்லாமல் மிதவை அசையக்கூடாது. 'எங்கட மாமா சொன்னார்', 'கடைத்தெருவில கதைச்சாங்க' எதுவும் செல்லாது. ரிமாண்டில், அதாவது விசாரணை முடியும்வரை அடைத்து வைக்கும் விளக்கமறியலில், இருப்பவனைத் திருடன் என்று எழுதினால் புள்ளி கிடையாது.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பெருமை. பயிற்சிப் பட்டறைகளில் எல்லாம் சொல்லியிருக்கிறேன். வந்திருந்தவர்கள் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அந்தச் செவ்வாய் பின்னேரம் மகனைக் கல்பிட்டி நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். கயிற்றில் தொங்கிய சொற்கள் எல்லாம் எனக்குப் பாடம். ஆனாலும் அங்கே நின்றபோது ஒன்றும் காதில் ஏறவில்லை. விசாரணை முடியவில்லை என்று பொலிஸார் சொன்னார்கள். நீதவான் ஏதோ சொன்னார். அவ்வளவுதான், அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் எங்கள் சட்டத்தரணியைப் பிடித்து, "அப்ப அஸ்லம் எத்தின மணிக்கு வீட்ட வாற?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "டீச்சர், ரிமாண்ட். அடுத்த கிழமை வெள்ளி வரைக்கும். உங்களுக்கு இத நான் விளங்கப்படுத்தணுமா?"

விளங்கப்படுத்தத்தான் வேண்டியிருந்தது. ரிமாண்ட் என்றால் ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்த ஒரு பஸ். அந்த வலைக்குள்ளால் என் மகனின் நாலு விரல் வெளியே தெரிந்தது. மோதிர விரலில், தையல் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டு சின்ன வயதில் ஊசி ஏற்றிக்கொண்ட தழும்பு. பஸ் போனபின் என் கணவர் நடுவீதியில் நின்றுகொண்டே இருந்தார். ஓட்டோக்காரர்கள் ஹோன் அடித்துவிட்டு விலகிப் போனார்கள்.

அடுத்த நாள் அதே ஆங்கிலப் பத்திரிகையில் செய்தி வந்தது. நான் வகுப்புக்கு வெட்டிக் கொடுக்கும் அதே பக்கம். 'உல்லாசப் பயணிகளின் கமராவைத் திருடிய லொட்ஜ் ஊழியர் விளக்கமறியலில்' என்பதுதான் தலைப்பின் பொருள். பெயர், வயது, ஊர், தாய் ஓர் ஆசிரியை என்பது வரைக்கும் போட்டிருந்தார்கள். மத்தியானத்துக்குள் அது தில்லையடி முழுவதும் போனுக்குப் போன் போய்விட்டது.

வியாழக்கிழமை பாடசாலைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். வாசலில் அதிபர் மறித்தார். நல்ல மனிதர், பிரச்சினைக்குப் பயந்தவர்.

"டீச்சர், லீவு போட்டிருக்கலாமே. சரி, வந்திட்டீங்க. இண்டைக்கு அந்தக் கோட்டுக் கேசு, கயிறு ஒண்டும் வேணாம். கிராமர் ஏதாச்சும் செய்யுங்க."

"ஓம் சேர்," என்றேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

வகுப்பு எழுந்து நின்றது. சலாம் சொன்னது. உட்கார்ந்தது. ஒரு கதிரை கூட இழுபடவில்லை. பிள்ளைகள் அவ்வளவு அமைதியாக இருந்தால் அவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று அர்த்தம். கரும்பலகையில் கிராமர் தலைப்பை எழுதத் தொடங்கினேன். பாதியில் கை நின்றது. இன்றைக்கு நான் இதை விட்டுவிட்டால் இனி எந்த முகத்தோடு இந்தக் கயிற்றுக்குக் கீழே நிற்பேன்? மற்றவர்களின் பிள்ளைகளைப் பற்றிய செய்தி என்றால் பாடம், என் பிள்ளையென்றால் கிராமரா?

"இண்டைக்கு ஆர்ட முறை?" என்று கேட்டேன்.

பஸ்லி எழுந்தான். வகுப்பின் கோமாளி. அன்று முகத்தில் சிரிப்பு இல்லை. "கொண்டு வரல்ல டீச்சர். நாய் தின்டிட்டு."

முழு வகுப்பும் அவனுடைய பையைப் பார்த்தது.

"நாய் தின்னாம விட்டதக் காட்டு," என்றேன்.

நாலாய் மடித்த துண்டை எடுத்துக்கொடுத்தான். "சொறி டீச்சர், வெட்டிட்டுத்தான் பேரப் பாத்தன். அதுக்குப் பிறகு வேற தேட நேரமில்ல."

நான் வாசித்தேன். குரல் உடைந்த இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்து, மறுபடி வாசித்தேன். பிறகு ஒரு வெள்ளை மிதவையை எடுத்து, "எங்க வைக்கிற?" என்று கேட்டேன்.

"ரிமாண்டில," என்றார்கள், மெதுவாக.

"தலைப்பு என்ன சொல்லுது?"

பஸ்லிக்கு உயிர் வந்துவிட்டது. "தலைப்பு கன்விக்ட்டத் தாண்டி ஓடுது டீச்சர்! கேஸ் இன்னும் ரிமாண்டில நிக்கிது, பேப்பர் மட்டும் ஓடிப் போய்ட்டு. புள்ளி வெட்டுங்க!"

சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. மூன்று நாளில் முதல் சிரிப்பு. "பத்திரிகைக்கு எழுதுவோம் டீச்சர், இங்லீஸ்லயே எழுதுவோம்," என்று முன்வரிசை துள்ளியது. என் மகனுக்காக ஒரு வகுப்பே எழுந்து நிற்கிறது. மறுக்க எந்தத் தாயால் முடியும்?

அப்போதுதான் மூன்றாம் வரிசையில் ரிபாயா எழுந்தாள். கேட்டாலொழிய வாய் திறக்காத பிள்ளை.

"டீச்சர், நீல மிதவைக்கும் எழுதுவீங்களா?"

நான் கயிற்றைப் பார்த்தேன். ரிமாண்ட் மட்டைக்குக் கீழே ஒரு நீல மிதவை தூசி பிடித்துக் கிடந்தது. சில மாதத்துக்கு முன் வந்த செய்தி. அனுமதியில்லாமல் கடலட்டை பிடித்ததாக ஒரு மீனவரைக் கைது செய்திருந்தார்கள். பெயர் போடவில்லை, 'கல்பிட்டிப் பகுதி மீனவர்' என்று மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு பத்திரிகை ஒன்றும் எழுதவில்லை. எங்கள் சட்டப்படி மிதவை அசையவில்லை.

"அது என்ட வாப்பா டீச்சர். வாப்பாட்ட அனுமதிப் பத்திரம் இருந்திச்சி. கோட்டுல காட்டின உடன விட்டுட்டாங்க. வாப்பா எப்பவோ தொழிலுக்குப் போகத் தொடங்கிட்டார். ஆனா பேப்பர் போடல்ல."

"நீ ஏன் மகள் சொல்லல்ல?"

"பேப்பர் சொல்லாம அசைக்கக்கூடாது எண்டு சட்டம் தானே டீச்சர்."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. என்னுடைய சட்டத்தை எனக்கே ஒழுங்காக ஒப்புவித்தாள். இத்தனை நாளும் வீட்டில் வாப்பாவோடு சோறு தின்றுவிட்டு வந்து, வகுப்பில் அவரை விளக்கமறியலில் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் முதல் விடயம் இதுதான். நல்ல பாடமுறை என்று நீங்கள் கண்டுபிடிப்பதற்கு அடியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அடிக்கடி குனிந்து பாருங்கள். செய்தியில் வரும் ஆள் எங்கோ தூரத்தில் இருப்பதாக நினைத்துத்தான் நாங்கள் கற்பிக்கிறோம். இந்தக் கரையில் தூரம் என்று ஒன்று கிடையாது.

இரண்டாவது, அந்த நிமிடத்தில் நான் எடுத்த முடிவு. சரியா பிழையா என்று யோசிக்க நேரம் இருக்கவில்லை.

"எழுதுவம்," என்றேன். "ரிபாயாட வாப்பாட கேசப் பத்தி மட்டும். என்ட மகன்ட செய்தி இந்தக் கடிதத்தில வரக்கூடாது."

"டீச்சர்!" பஸ்லி மேசையில் அடித்தான். "உங்கட மகனத்தானே திருடன் எண்டு போட்டிரிக்கி!"

"அவர்ட கேஸ் முடியல்ல. முடியாத கேசுக்கு நாங்க என்னத்த எழுதுற? இது முடிஞ்ச கேஸ்."

அதைச் சொன்னபோது என் நெஞ்சு என்ன பாடு பட்டது என்பதை அல்லாஹ் அறிவான். என் மாணவர்கள் எல்லோரும் ஒரு கூட்டமாக என் மகனுக்குக் காவல் நிற்கத் தயாராக இருந்தார்கள். அதை நான் எடுத்திருந்தால், அந்த வகுப்பில் கற்பித்த எல்லாம் ஒரு தாயின் தந்திரமாகப் போயிருக்கும்.

கடிதத்தைப் பிள்ளைகளே எழுதினார்கள். நான் ஒரு பிழையும் திருத்தவில்லை. உங்கள் பத்திரிகையின் வழக்குச் செய்திகளில் ஆங்கிலம் கற்கும் வகுப்பு நாங்கள், இந்தத் திகதியில் ஒரு மீனவரைப் பற்றி எழுதினீர்கள், வழக்கு எப்படி முடிந்தது என்று எழுதவில்லை, அதனால் எங்கள் மிதவை நகரவில்லை என்று நேராக எழுதினார்கள். "உன்ட பேரப் போடவா?" என்று ரிபாயாவிடம் கேட்டேன். "வேணாம் டீச்சர். 'எங்கட வகுப்பில ஒராளுக்கு முடிவு தெரியும், உங்கட வாசகருக்குத் தெரியாது' எண்டு போடுங்க." அதையே ஆங்கிலத்தில் கடைசி வரியாக வைத்தார்கள். பாடசாலைக் கணினியிலிருந்து அனுப்பினோம்.

திங்கட்கிழமை அதிபர் கூப்பிட்டார். பத்திரிகையின் பிரதேசச் செய்தியாளர் அவருக்குப் போன் எடுத்திருக்கிறார்.

"பேப்பர்காரரோட மோதுற நேரமா டீச்சர் இது? உங்கட மகன்ட கேஸ் வெள்ளிக்கிழம. அவங்க நாளைக்கு இன்னொண்டு எழுதினா என்ன செய்வீங்க? பிள்ளையள்ட கடிதத்த வாபஸ் வாங்கிடுங்க."

வீட்டில் என் கணவரும் அதையேதான் சொன்னார். சத்தம் போடவில்லை, கெஞ்சினார். "ஹமீதா, ஊரான்ட வழக்குக்கு நம்மட புள்ளைய அடகு வைக்காத. ஒரு போன் எடு. மன்னிக்கணும், பிள்ளையள் அறியாம எழுதிட்டாங்க எண்டு சொல்லு. முடிஞ்சிது."

அன்றிரவு முழுவதும் போன் பக்கத்தில் கிடந்தது. எனக்குத் துணிச்சல் இருந்ததென்று நினைக்காதீர்கள். செய்தியாளரின் எண்ணை இரண்டு முறை அழுத்தி, மணி அடிக்கமுன் வெட்டினேன். காலையில் அதிபரிடம் போய், "அந்தக் கடிதம் என்னுடையது இல்ல சேர், வாபஸ் வாங்க எனக்கு உரிமை இல்ல. வேணுமெண்டா நீங்க வகுப்பில வந்து ரிபாயாட்டச் சொல்லுங்க," என்றேன். அவர் மேசையில் கிடந்த பேனையைத் திருப்பித் திருப்பி வைத்தார். கடைசியில் தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

புதன்கிழமை பஸ்லி இடைவேளைக்கு முன்பே ஓடிவந்தான். பத்திரிகையை விரித்துக்கொண்டே வந்ததால் கதவில் மோதினான். பக்கத்தின் கீழ் மூலையில், ஒரு விளம்பரத்துக்கு மேலே, நாலே வரி. இன்ன திகதியில் நாம் செய்தி வெளியிட்ட மீனவர் செல்லுபடியான அனுமதிப் பத்திரம் வைத்திருந்ததால் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். இதை ஒரு பாடசாலை மாணவர்கள் எமது கவனத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

"வாசி," என்றேன். ரிபாயா எழுந்து நின்று, பிசிறில்லாத ஆங்கிலத்தில் வாசித்தாள். பிறகு கதிரையில் ஏறி நீல மிதவையைத் தள்ளினாள். ஒவ்வொரு மட்டையைத் தாண்டும்போதும் வகுப்பு அந்தச் சொல்லைக் கத்தியது. பக்கத்து வகுப்பு சேர் என்ன கலகமென்று எட்டிப் பார்த்தார். மட்டைகளின் முடிவில், விடுவிக்கப்பட்டதைச் சொல்லும் 'டிஸ்சார்ஜ்' என்று ஒரு சொல்லே எங்களிடம் இருக்கவில்லை. பஸ்லி தன் கொப்பியின் அட்டையைக் கிழித்து எழுதித் தொங்கவிட்டான். நான் நின்று கைதட்டினேன். என் பணிக்காலத்தில் எத்தனையோ பிள்ளைகள் பரீட்சையில் 'ஏ' எடுத்திருக்கிறார்கள். எதற்கும் நான் அப்படிக் கைதட்டியதில்லை.

அன்றே சட்டத்தை மாற்றினோம். பத்திரிகை சொல்லலாம். நீதிமன்றத்தில் நின்று கண்ணால் கண்டவரும் சொல்லலாம்.

மகனுடைய வழக்கு என்னவானது என்று கேட்பீர்கள். அந்தக் கமரா, அதே குழுவில் வந்த நண்பர் ஒருவருடைய பையில் தவறுதலாகப் போயிருந்தது. அதை அவர்கள் அறிவித்தபின் வழக்கு முடிந்தது. பத்திரிகை அதையும் போட்டது, இந்த முறை நாங்கள் கேட்காமலே. ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த வெள்ளிக்கிழமை எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

வெள்ளி காலை நீதவான் பிணை வழங்கினார். இரண்டு சரீரப் பிணை. அதாவது, அந்தப் பிரதேசத்தில் வசிக்கும் இரண்டு பேர் கிராம சேவகரின் அத்தாட்சியோடு வந்து, இவனுக்கு நாங்கள் பொறுப்பு என்று கையெழுத்து வைக்க வேண்டும். ஒருவர் லொட்ஜில் சமையல் செய்பவர், அஸ்லம் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் மனிதர், விடியவே வந்து காத்திருந்தார். மற்றவர் என் கணவரின் உறவு, கல்பிட்டியில் கடை வைத்திருப்பவர். "ஜும்மாவுக்குப் போயிட்டு வாறன்," என்றார். ஜும்மா முடிந்தது. பள்ளிவாசலில் இருந்து சனம் கலைந்தது. அவருடைய போன் வேலை செய்யவில்லை. பிறகு அவருடைய மகன் எடுத்து, "வாப்பா பேப்பரப் பாத்தவர் மாமி, அவருக்கு யாவாரம் இரிக்கி," என்று சொல்லி வைத்துவிட்டான்.

நீதிமன்ற அலுவலகம் மூடுவதற்குள் கையெழுத்து விழாவிட்டால் கம்பிவலை பஸ்தான், திங்கள் வரைக்கும். சட்டத்தரணி கடிகாரத்தைப் பார்த்தார். என் கணவர் வாசலில் போகிறவர் வருகிறவர் எல்லோரையும் பார்த்தார், யாரிடமாவது கேட்டுவிடுவார் போல. சிறைக்கூண்டுக்குள் அஸ்லம் எங்களைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஓதினேன். ஓதியது எங்கே முடிந்தது எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை.

அப்போது ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கழுவி மடித்து உடுத்த சாரம், வெள்ளைச் சட்டை, வெயிலில் கறுத்த முகம். நான் முன்னர் கண்டதே இல்லை. சட்டைப் பையிலிருந்து கிராம சேவகரின் அத்தாட்சியை வெளியே எடுத்துக்கொண்டே வந்தார்.

"இங்லீஸ் டீச்சர் ஆரு?"

நான் கையை உயர்த்தினேன், வகுப்புப் பிள்ளை மாதிரி.

"நான் ரிபாயாட வாப்பா. இண்டைக்குத்தான் கேஸ் எண்டு மகள் சொன்னா. பிணைக்கு ஆள் குறையுதா?"

சட்டத்தரணி அவருடைய கையிலிருந்த தாளைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். என் கணவரால் நம்ப முடியவில்லை. அந்த மனிதரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"நானா, எங்கட மகன உங்களுக்கு முன்னப் பின்னத் தெரியாதே. என்னத்த நம்பிக் கையெழுத்து வைக்கப்போறீங்க?"

"பேப்பர்ல வாசிச்சன் தம்பி," என்றார் அவர். "அதே பேப்பர்ல நானும் வந்தவன்தான்."